சீடி 125 எஞ்சின் கட்டி ரெண்டு மாசம், மூனு தடவ பெக்கிங் மாத்தியாச்சு, ஒயில் லீக் மட்டும் நிக்கல

வட்டகொடை சீடி:

வணக்கம் அண்ணமாரே. கொஞ்சம் நீளமா எழுதப்போறேன் கோவிச்சுக்காதீங்க, ஒன்ன விட்டுட்டா பெறகு அத ஏன் மொதல்லயே சொல்லலன்னு கேப்பீங்க.

வண்டி ஹொண்டா சீடி 125, ரெட்ட சிலிண்டர், அப்பா டீ பெக்டரில வேல செஞ்ச காலத்துல வாங்குனது. 2022ல பைக்குக்கு வாரத்துக்கு 4 லீட்டர்னு கியூஆர்ல பெற்றோல் குடுத்தாங்களே, அப்ப லயத்துக்கு பின்னால தார்ப்பாய் போட்டு மூடுனது, மூடுனது மூடுனதுதான், போன வருசம்தான் தொறந்து பாத்தேன். புது வண்டி வில கேட்டா காது அடைக்குது, அதனால இதயே கட்டிருவோம்னு டவுன்ல ஒரு கராஜ்ல குடுத்து எஞ்சின எறக்கி ரெண்டு சிலிண்டரும் 50க்கு, அதாவது அர மில்லிமீட்டர் பெருசாக்கி போர் பண்ணி, புது பிஸ்டன், ரிங்ஸ், டைமிங் செயின், கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து கொண்டுவந்த முழு பெக்கிங் செட்டு (பாகங்களுக்கு நடுவுல ஒயில் கசியாம வைக்கிற தாள்), எல்லாம் போட்டாச்சு. ஒரே கிக்குல ஸ்டார்ட். அப்பா லயத்து வாசல்ல நின்னு கேட்டுட்டு பழைய சத்தம் வந்துருச்சுடான்னாரு.

ஒரு கெழம கூட ஓடல. மொதல்ல எஞ்சின் உச்சியில இருக்கிற டெப்பட் கவர் ஓரத்துல கசிஞ்சுச்சு, ரப்பர் சரியில்லன்னு மாத்துனோம். பெறகு பெரலுக்கு, அதான் சிலிண்டர் கட்டைக்கு, அடில பின்பக்கம். அதுக்கு எஞ்சின திரும்ப கழட்டி அடி பெக்கிங் மாத்தி கம் பூசி கட்டுனாங்க, 150 கிலோமீட்டர் போயிருக்கும், இப்ப பெரலுக்கு மேல உக்கார்ற ஹெட்டுக்கும் பெரலுக்கும் நடுவுல வலது பக்க முன் மூலையில சொட்டுது, அடியில பின்பக்கமும் திரும்ப ஈரம். தலவாக்கலையில இருந்து லிந்துல வழியா நானுஓயா ஏத்தம் ஏறுனா சப்பாத்து வரைக்கும் ஒயில், டவுனுக்குள்ள சும்மா ஓடுனா பெருசா ஒன்னும் இல்ல, அதுதான் வெளங்கவே இல்ல. ஒயில் 20டபிள்யூ 50, அளவு குச்சியில மேல் கோட்டுக்கு கொஞ்சம் கீழதான் இருக்கு.

கராஜ்ல சொல்றாங்க பழைய எஞ்சின்னா அப்பிடித்தான் தம்பி, ஒயில் ஊத்தி ஊத்தி ஓடுங்கன்னு. இன்னொன்னு, மொத தடவ கட்டுன நேரம் ஏர் கிளீனருக்குள்ள ஒயில் அடிச்சு பில்டர் நனஞ்சு போச்சு, அதுக்கு அவங்க எஞ்சின்ல இருந்து ஏர் கிளீனருக்கு போற சின்ன ரப்பர் டியூப்ப கழட்டி வாயில ஒரு போல்ட்ட வச்சு கிளிப் போட்டு அடச்சுட்டாங்க, அதுக்கு பெறகு பில்டர் காஞ்சிருக்கு. நல்ல பெக்கிங் எந்த கடையில கெடைக்கும், இல்லாட்டி எந்த கம் நல்லதுன்னு சொல்லுங்க. நாலாவது தடவ கழட்ட காசும் இல்ல மனசும் இல்ல.

லிந்துலை ரைடர்:

மச்சான் சிவப்பு சிலிகன் ஒரு டியூப் வாங்கி ரெண்டு பக்கமும் நல்லா தடவி இறுக்கு, என் சிடி100க்கு கிளட்ச் கவர்ல அப்பிடித்தான் செஞ்சேன் மூனு வருசமா ஒரு சொட்டு இல்ல.

டிக்கோயா பழைய பாஸ்:

தம்பி, நீங்க கடைசில போனா போகுதுன்னு எழுதுன வரியிலதான் உங்க வியாதியே இருக்கு. அந்த டியூப்புக்குள்ள இருக்கிற போல்ட்ட இன்னைக்கே கழட்டுங்க. பெக்கிங் கடைய பத்தி பெறகு பேசுவோம்.

அது ப்ரீதர். எஞ்சின் மூச்சு விடுற வழி. பிஸ்டன் கீழ எறங்கும்போது கீழ இருக்கிற காத்து எங்கயாவது போகணும்ல. சீடி 125ல ரெண்டு பிஸ்டனும் ஒன்னா ஏறி ஒன்னா எறங்கும், 360 பாகை கிரேங்க்னு சொல்றது அததான், ஒன்னு ஏற ஒன்னு எறங்குற எஞ்சினா இருந்தா அந்த காத்து உள்ளயே இங்கயும் அங்கயும் மாறிக்கும், இதுல அந்த பேச்சே இல்ல. போர் 44 மி.மீ., ஸ்ட்ரோக் 41, ரெண்டும் சேந்து 124 சிசி சொச்சம், அவ்வளவு காத்தையும் ஒவ்வொரு சுத்துக்கும் உள்ள ஒரு பம்ப் அடிக்குதுன்னு வச்சுக்குங்க. அதோட புது போர், புது ரிங், இன்னும் சிலிண்டர் சுவரோட ஒட்டி பழகல, ரிங் ஓரமா எரிஞ்ச காத்தும் கொஞ்சம் கீழ எறங்கும். ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல முழு திராட்டில்ல இழுக்கும்போது அது எக்கச்சக்கமா கூடும். வாசல அடச்சுட்டீங்க, அது ஜன்னல ஒடச்சுக்கிட்டு வருது. டெப்பட் கவர், அடி பெக்கிங், எது லேசா இருக்கோ அது வழியா. டவுனுக்குள்ள ஓடுனா இல்ல, நானுஓயா ஏறுனா சப்பாத்து நனையுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

பில்டர்ல ஒயில் அடிச்சது ஒரு அடையாளம், அத அடச்சு மறச்சது பெரிய தப்பு, அந்த கராஜ்காரர நான் குத்தம் சொல்ல வரல, அவசரத்துல நாங்களும் ஒரு காலத்துல செஞ்ச வேலதான். அந்த நேரத்துல ஒயில் கூட ஊத்தியிருந்தாங்களான்னு பாத்திருக்கணும். கட்டி முடிச்ச சந்தோசத்துல அர போத்தல் கூட ஊத்துற ஆக்கள நெறைய பாத்திருக்கேன்.

இப்ப செய்ய வேண்டியது. போல்ட்ட எடுங்க, டியூப்ப கழட்டி வாய வச்சு ஊதி பாருங்க, மடிஞ்சு ஒட்டியிருந்தா புதுசு போடுங்க. எஞ்சின் முழுக்க மண்ணெண்ணெ போட்டு பிரஸ்ஸால கழுவி காய வச்சு, முகத்துக்கு பூசுற பவுடர பெக்கிங் கோடு நெடுக தூவி விடுங்க. பத்து நிமிசம் ஏத்தத்துல ஓட்டிட்டு வந்து பாத்தா பவுடர்ல எங்க மொதல்ல கருப்பு விழுந்துருக்கோ அங்கதான் ஒயில் வருது. ஒயில் கீழ வழியும், ஓட்டத்துல காத்து பின்னுக்கும் தள்ளும், அதனால அடியில ஈரம்னா அடி பெக்கிங்தான்னு நெனைக்காதீங்க, ஈரத்துல ஆக மேல இருக்கிற எடத்த பாருங்க.

லிந்துலை ரைடர் தம்பிக்கு, கிளட்ச் கவர் வேற ஹெட் வேற. ஹெட் பெக்கிங்ல சிலிகன் வேணாம். கவர்ல கூட தலமுடி மொத்தத்துக்குதான் பூசணும், நசுங்குன மிச்சம் வெளிய தெரியிற மாதிரியே உள்ளயும் தொங்கிக்கிட்டு நிக்கும், அது பிஞ்சு விழுந்து ஒயில் வலையில அடச்சா வால்வ தள்ளுற கேம் தேஞ்சு போற வரைக்கும் உங்களுக்கு தெரியாது. ஒரு எஞ்சின்ல சிவப்பு புழு மாதிரி ஒரு பிடி அள்ளியிருக்கேன்.

அப்புத்தளை குளிர்:

பாஸ் சொன்னதோட ஒன்னு சேக்கணும். அடைக்காமலேயே அடைஞ்சு போறதும் உண்டு, நம்ம பக்கம் அது ஜாஸ்தி. எனக்கு வீட்டுல இருந்து கடைக்கு ரெண்டு கிலோமீட்டர், காலம்பற பனியில ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடாக முந்தி நிப்பாட்டிருவேன், திரும்ப மத்தியானம் அதே கத. ஒரு நாள் டெப்பட் மூடிய தொறந்தா டின் பால் ஊத்துன மாதிரி வெள்ளையா கொழகொழன்னு ஒட்டியிருக்கு. தண்ணி பூந்துருச்சுன்னு பயந்தே போயிட்டேன், காத்துல குளிருற எஞ்சின்ல தண்ணி எங்க இருந்து வரும்? எரியும்போது வர்ற நீராவி குளிருல உள்ள வேர்த்து ஒயிலோட கலந்ததுதான். அதே சனியன் ப்ரீதர் டியூப்புக்குள்ளயும் கட்டி தட்டி ஒரு ஊசி போற வழிதான் மிச்சம். மெக்னெட் கவர் பக்கம் லீக்கு, ரெண்டு பெக்கிங் மாத்துனேன், கடைசில டியூப்ப பெற்றோல்ல கழுவுனதோட சரி. இப்ப ஞாயித்துக்கெழமைல பண்டாரவளை வரைக்கும் போயிட்டு வருவேன், வண்டிக்கும் நல்லது எனக்கும் நல்லது.

வட்டகொடை சீடி:

பாஸ் அண்ணே, கைய குடுங்க. போல்ட்ட உருவுனதும் புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சுன்னு சொன்னா பொய்னு நெனைப்பீங்க, எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் உருவுனேன், வெரல்ல சூடா ஒயில் தெறிச்சுச்சு. டியூப் வாயில வெரல வச்சா தப் தப்னு அடிக்குது. அப்பா பக்கத்துல நின்னு பாத்துட்டு இத அடச்சு வச்சா மனுசனா இருந்தாலும் வெடிச்சிருவான்னாரு.

பவுடர் போட்டு நானுஓயா வரைக்கும் ஏறி வந்தேன். டெப்பட் கவர் காஞ்ச மாதிரியே இருக்கு. பெரல் அடியில பின்பக்கமும் பவுடர் வெள்ளையாவே நிக்குது. ஆனா ஹெட்டுக்கும் பெரலுக்கும் நடுவுல அந்த வலது முன் மூலை மட்டும் ஒரு ரெண்டு விரல் அகலத்துக்கு கருப்பா நனஞ்சிருக்கு, அங்க இருந்து பெரல சுத்தி இருக்கிற தகடு வரிசயில வழிஞ்சு அடிக்கும் போகுது. நட்ட இறுக்கி பாக்கவா?

டிக்கோயா பழைய பாஸ்:

சூட்டோட இறுக்காதீங்க. ராத்திரி முழுக்க ஆற விட்டு காலம்பற கை வைங்க. எஞ்சின் கட்டி மொத சூடு ஏறி எறங்குன பெறகு ஹெட் நட்ட ஒரு தடவ திரும்ப இறுக்கணும், பெக்கிங் நசுங்கி கொஞ்சம் தளர்வு வரும், அத உங்களுக்கு செஞ்சு குடுத்தாங்களான்னு தெரியல. இறுக்குனா டெப்பட் இடவெளியும் மாறும், அதயும் மெனுவல் அளவுக்கு வைக்கணும்.

ஆனா எனக்கு அந்த மூலைல வேற சந்தேகம். ஹொண்டால ஹெட்டுக்கு ஒயில் ஏறுறது அநேகமா ஒரு ஸ்டட் ஓட்ட வழியா, ஸ்டட்ட சுத்தி. ஸ்டட்னா ஹெட்ட புடிச்சு வைக்கிற மரை போட்ட நீள கம்பி. அந்த எடத்துல பெரலுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல குழாய் மாதிரி ஒரு பின் இருக்கும், அத சுத்தி ஒரு ஓ ரிங். மேல அதே ஸ்டட்டுக்கு மூடுன தொப்பி நட்டும் செம்பு வொஷரும் வரும், மத்ததுக்கு சாதாரண வொஷர். கழட்டுன நட்டெல்லாம் ஒரே டின்ல கொட்டி மண்ணெண்ணெயில கழுவுனா எது எங்க இருந்துச்சுன்னு கடவுளுக்குதான் தெரியும். மெனுவல் படத்த வச்சு ஒவ்வொன்னா ஒத்து பாருங்க. மொதல்ல இறுக்கி பாருங்க, நிக்கலன்னா ஹெட்ட கழட்டாம வழி இல்ல, ஆனா அது கடைசி தடவையா இருக்கும்.

வட்டகொடை சீடி:

டோர்க் ரென்ச் இல்ல அண்ணே, டவுன்ல வாடகைக்கும் கெடைக்கல. கை கணக்குல இறுக்கவா?

டிக்கோயா பழைய பாஸ்:

கை கணக்கு எனக்கு நாப்பது வருசம், உங்களுக்கு வேணாம். தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசு, முள்ளு உள்ளது, யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க. ரிங் ஸ்பெனர்ல நட்டு நடுவுல இருந்து 20 சென்டிமீட்டர் அளந்து ஒரு கோடு போட்டு அந்த எடத்துல தராசு கொக்கிய மாட்டி ஸ்பெனருக்கு நேர் குறுக்கா இழுங்க. முள்ளு 11 கிலோ காட்டுனா கிட்டத்தட்ட 22 நியூட்டன் மீட்டர். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு பொதுவா 20ல இருந்து 25 வரைக்கும் வரும், உங்க மெனுவல்ல என்ன போட்டிருக்கோ அத எடுத்துக்குங்க. 6 மி.மீ. கவர் போல்ட்டுக்கு 5 கிலோ போதும், 10 கிட்ட வரும். அலுமினியத்துல மரை பிஞ்சா அதுக்கு வேற செலவு.

ஒரே மூச்சுல இறுக்காதீங்க. நடுவுல இருக்கிறத மொதல்ல, பெறகு குறுக்கு மறுக்கா வெளிய, மூனு சுத்துல. மொதல் சுத்து பாதி, ரெண்டாவது முக்கால், மூனாவது முழுசு. ஸ்டட் மரையில மண்ணு, பழைய கம் ஒன்னும் இருக்கக்கூடாது, அடி மூடுன ஓட்டைக்குள்ள ஒயில் தேங்கி நின்னா போல்ட் எறங்க எறங்க ஒயில் போக எடமில்லாம இறுகுன மாதிரி பொய் சொல்லும், சமயத்துல கேசிங்கே வெடிச்சிரும், துணிய குச்சியில சுத்தி ஒத்தி எடுங்க.

பதுளை டெக் மாணவி:

நான் ஆட்டோமொபைல் படிச்சுக்கிட்டு இருக்கேன், ஹெட்ட கழட்டுறதா இருந்தா மட்டம் பாக்காம பூட்டாதீங்க அண்ணா. நல்ல இரும்பு ஸ்கேல நிமித்தி வச்சு நீளத்துக்கு, குறுக்க, மூலைக்கு மூலை, எல்லா பக்கமும் பீலர் கேஜ், அதான் இடவெளி அளக்குற மெல்லிய இரும்பு இலை, விட்டு பாக்கணும். 0.05 மி.மீ. இலை போகலன்னா நல்லா இருக்கு, 0.10 போச்சுன்னா மெஷின்ல சீவி மட்டம் பண்ணணும். லேசா இருந்தா படச்சட்டம் போடுற கடையில மொத்தமான கண்ணாடி துண்டு ஒன்னு வாங்கி அதுல 400 நம்பர் வோட்டர் பேப்பர (தண்ணி விட்டு தேக்குற உப்புத்தாள்) ஒட்டி தண்ணி விட்டு எட்டு போட்ற மாதிரி தேச்சு எடுக்கலாம், அழுத்தாம, ஹெட் கனமே போதும். மார்க்கர் பேனாவால முன்னமே கோடு கிறுக்கி வச்சா எது பள்ளம் எது மேடுன்னு தெரியும். பெரல் அடியும் அப்பிடியே தேச்சிரலாம்.

டிக்கோயா பழைய பாஸ்:

நல்ல புள்ள, ஆனா அடிய கண்ணாடியில தேக்க ஏலாது தங்கச்சி, லைனர், பிஸ்டன் ஓடுற இரும்பு குழாய், ரெண்டும் கீழ நீட்டிக்கிட்டு நிக்கும்ல. பெரல் மேல் முகமும் ஹெட்டும் மட்டும்தான் தேக்கலாம். அடிக்கு ஸ்கேல வச்சு பாத்து கல்லுல லேசா ஒத்தி எடுக்க வேண்டியதுதான். ஸ்டட் ஓட்ட வாய சுத்தி அலுமினியம் மேல இழுபட்டு ஒரு சின்ன மேடு நிக்கும், அத பெரிய டிரில் பிட்ட கையால ஒரு சுத்து சுத்தி எடுத்துருங்க. பெக்கிங்க பிளேட்ட வச்சு சொரண்டுறவங்க கைய கட்டி வைக்கணும், தின்னர் ஊத்தி ஊற விட்டு மூங்கில் சீவுல தள்ளுனா வரும்.

பதுளை டெக் மாணவி:

ஆமா ஐயா, லைனர மறந்துட்டேன்.

வட்டகொடை சீடி:

பத்து நாள் ஆச்சு, இப்பதான் எழுத நேரம் கெடச்சுச்சு. காலம்பற ஆறுன எஞ்சின்ல தராசு வச்சு இழுத்தேன், ஆறு கிலோவுக்கே சுத்துன நட்டு இருந்துச்சு, இன்னொன்னு 14க்கும் அசையல. இறுக்கி ஓட்டுனேன், கொறஞ்சுச்சு, நிக்கல. சரின்னு சித்தப்பா மகன கூப்புட்டு ஹெட்ட எறக்கிட்டோம்.

அந்த மூலையில பின் இருக்கு, ஓ ரிங் இல்ல. இல்லன்னா விழுந்ததும் இல்ல, போடவே இல்ல, பெக்கிங் செட்டு கவர இன்னும் தூக்கி போடாம வச்சிருந்தேன், அதுக்குள்ள அடியில அந்த கருப்பு ரிங் சின்னதா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மூனு தடவ கழட்டியிருக்காங்க. கவர கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் படியில உக்காந்துட்டேன். செம்பு வொஷரும் எடது பக்கம் பின்னால போட்டிருந்தாங்க, மெனுவல் படத்துல அந்த எடமே இல்ல.

மட்டம் பாத்தோம் தங்கச்சி சொன்ன மாதிரி, ஹெட்டுல 0.05 இலை ஒரு பக்கம் லேசா போச்சு, கண்ணாடில ஒரு மணித்தியாலம் தேச்சேன், மார்க்கர் கோடு முழுசா போற வரைக்கும். பெரல் அடியில பிளேடு கோடு ரெண்டு இருந்துச்சு, கல்லுல ஒத்தி எடுத்து புது அடி பெக்கிங் கம் இல்லாம காஞ்சபடியே போட்டேன், பயந்துக்கிட்டேதான். பழைய செம்பு வொஷர அடுப்புல செவக்க விட்டு தண்ணில போட்டு மெதுவாக்கி திரும்ப போட சொன்னாரு சித்தப்பா, அது சரியா அண்ணே? போட்டுட்டேன்.

ப்ரீதருக்கு புது டியூப், ஏர் கிளீனருக்கே குடுத்திருக்கேன். ரெண்டு தடவ நானுஓயா, ஒரு தடவ றம்பொடை எறங்கி ஏறி வந்தாச்சு, மொத்தம் 180 கிலோமீட்டர். சப்பாத்து காஞ்சிருக்கு. கியர் கால் பக்கத்துல மட்டும் ராத்திரிக்கு ஒரு சொட்டு விழுது, காலம்பற அட்டப் பெட்டியில சின்னதா ஒரு வட்டம்.

டிக்கோயா பழைய பாஸ்:

செம்ப செவக்க விட்டது சரி, சித்தப்பாவுக்கு வெவரம் இருக்கு. 500 கிலோமீட்டர்ல ஒயில மாத்திருங்க, தேச்ச தூள் கீள் இருக்கும்.

கியர் கால்ல சொட்டுறது பெக்கிங் இல்ல, ஷாப்ட் சீல், கியர் தண்ட சுத்தி இருக்கிற ரப்பர் வளையம். அநேகமா எஞ்சின பிரிக்காம வெளிய இருந்தே கழட்டலாம். புதுச தள்ள முந்தி ஷாப்ட் பல்லுக்கு மேல சொப்பிங் பேக் துண்டு ஒன்ன சுத்தி ஒயில் தடவிக்குங்க, இல்லாட்டி அந்த பல்லு சீல் உதட்ட கிழிச்சிரும், பெறகு திரும்ப எனக்குதான் எழுதுவீங்க.

லிந்துலை ரைடர்:

மச்சான் அந்த தராசு யார்கிட்ட வாங்குன, எனக்கும் ஒரு நாளைக்கு வேணும்.